முனைப்பு தொண்ணூற்றெட்டு

நாற்பத்து மூன்று பேர் ஓடிய ஓட்டத்தில் நாற்பத்தொன்றாவதாக வந்து சேர்ந்த லோகித்துக்குத்தான் முதல் பரிசு. ரேஸ்கோர்ஸ் சாலையில் மரத்தடியில் வைத்திருந்த பலகையில் அவர் பெயருக்கு நேராக 97 என்று பச்சையில் எரிந்ததும், நொய்யல் ஓட்டக் குழு மொத்தமும் விசிலடித்தது. முக்கால் மணி நேரம் முன்னமே வந்து, வியர்வையும் காய்ந்து, கம்மங்கூழைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒருவருக்கு 71. பாவம், அவர் யார் முகத்தையும் பார்க்காமல் கூழையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிருதுளாவுக்கு 93. இரண்டாமிடம். இரண்டு வருடமாக இதே இரண்டாமிடம். ஊரோடு சேர்ந்து அவளும் விசிலடித்தாள் என்றாலும் கண் லோகித்தின் முகத்தை விட்டு நகரவில்லை. முகம் வெளுத்திருந்தது. உதட்டில் சொட்டு ரத்தம் இல்லை. 'இந்த மனுசன் என்னமோ பண்றாரு' என்று அவளுக்கு மூக்கில் வியர்த்தது அன்றைக்குத்தான்.

முதலில் வந்தவரே ஜெயித்த காலம் ஒன்று இருந்தது. தசைக்கு ஒரு ஊசி, நுரையீரலுக்கு ஒரு ஊசி என்று கடையில் கிடைக்கத் தொடங்கியதும் அந்தக் காலம் முடிந்தது. காசுள்ளவன் கால் வேகமாக ஓடியது, அவ்வளவுதான். அப்போதுதான் முனைப்புமானி வந்தது. கடுகளவு கருவி, காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் உட்கார்ந்திருக்கும். இதயம், ரத்தம், தசை எல்லாவற்றையும் துருவிப் பார்த்து, இன்று உன் உடம்பில் இருந்தது எவ்வளவு, அதில் நீ கொடுத்தது எவ்வளவு என்று நூற்றுக்குக் கணக்கிட்டுச் சொல்லும். இருந்தது எவ்வளவு என்பதை மட்டும் வெளியே காட்டாது. அது அந்தரங்கம், காட்டினால் பலவீனர்கள் மனம் நோகும் என்று சட்டமே இருந்தது. நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான்.

நொண்டியும் பந்தயக் குதிரையும் ஒரே கோட்டில் நிற்கலாம் என்றானதும் ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் முனைப்பு, ஆபீசில் முனைப்பு, பெண் பார்க்க வந்த இடத்தில் "மாப்ள முனைப்பு எவ்வளவுங்க?" கடிகாரம் பார்த்து ஓடுவது அநாகரிகமானது. அடுத்தவர் ஓடுவதை நேரம் பார்ப்பது அதைவிடக் கேவலம், குளியலறையை எட்டிப் பார்ப்பதற்குச் சமம். நொய்யல் குழுவில் கடிகாரத்தோடு பிடிபட்டால் உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள்.

மனிதர்கள் சும்மா இருப்பார்களா? கொடுப்பதைக் கூட்டுவதைவிட இருப்பதைக் குறைப்பது சுலபம் என்று கண்டுபிடித்தார்கள். தூங்காமல் வந்தார்கள், பட்டினியாக வந்தார்கள். போட்டிக்கு முந்தின நாள் ரத்த வங்கிகளில் ஓட்டக்காரர்கள் வரிசை கட்டி நின்றார்கள். ஒரு பாட்டில் ரத்தம் குறைந்தால் முனைப்பு நாலு புள்ளி ஏறும். சங்கம் விழித்துக்கொண்டு, போட்டிக்கு முந்தைய இருபத்தெட்டு நாளில் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டது. யார் மேலாவது எழுத்தில் புகார் வந்தால் இரண்டே நாளில் மருத்துவக் குழு தலை முதல் கால் வரை சோதிக்கும்.

லோகித் திருட்டுத்தனமாக ரத்தம் கொடுக்கிறார். மிருதுளாவின் சந்தேகம் இதுதான். சந்தேகப்படவே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. பீளமேட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அவரும் அவளும் பதினோரு வருடப் பயிற்சித் துணைகள். மழையில் நனைந்ததும் நாய் துரத்தியதும் சேர்ந்துதான். ஆனால் கன்னியாகுமரி நெடுமுப்போட்டிக்கு ஒரு குழுவுக்கு ஒரே ஒரு இடம். நாலு கிலோமீட்டர் கடல் நீச்சல், நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், அதன் மேல் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். பதினோரு வருடமாக அவள் கேட்டது அந்த ஒரு நாளைத்தான்.

ஆதாரம் வேண்டும் என்று நினைத்தாள். அவள் வேலை பார்த்த பம்ப் கம்பெனியில் சோதனை மேசையில் தொங்கும் ஸ்டாப்வாட்ச் ஒன்று இருந்தது. மோட்டார் ஒரு தொட்டி நிரப்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பதற்கு. அதை எடுத்து இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மருதமலை அடிவாரத்திலிருந்து மேலே கோயில்வரை புதனும் சனியும் இருவரும் ஓடி ஏறுவார்கள். ரத்தம் கொடுத்து ஏமாற்றுகிறவர் போட்டியன்று மட்டும் தளர்ந்திருப்பார், மற்ற நாட்களில் பழையபடி ஓடுவார். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

ஐந்து வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். நோட்டில் குறித்தாள். முதல் வாரம் இருபத்திரண்டு நிமிடம். பிறகு இருபத்து மூன்று. பிறகு இருபத்து நாலரை. புதன், சனி, போட்டி நாள் என்ற வித்தியாசமே இல்லை. மனிதர் எல்லா நாளும் மெதுவாகத்தான் ஓடினார், ஒவ்வொரு வாரமும் முந்தின வாரத்தைவிட மெதுவாக. மலை ஏறியதும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு பின்னிட்டேன் அம்மிணி" என்று சிரிப்பார். தேர்வு ஓட்டத்தில் அவர் முனைப்பு 98. கன்னியாகுமரி அவருக்கு உறுதியாயிற்று. குழுவின் சரித்திரத்தில் அப்படி ஒரு எண் வந்ததில்லை.

அவர் ஏமாற்றவில்லை. பிறகு என்னதான் செய்கிறார்? அவளுக்கு மண்டை குழம்பியது.

திங்கட்கிழமை பொள்ளாச்சியிலிருந்து திரும்பி வந்த போர்வெல் மோட்டார் ஒன்றைச் சோதனை மேசையில் ஏற்றினார்கள். முள் தொண்ணூற்றெட்டு சதவீதச் சுமையில் நடுங்கியது. குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. இருபது வருடமாகச் சொல்லும் வார்த்தையை மிருதுளாவின் வாய் தானாகச் சொன்னது.

"லோடு ஏறுது, தண்ணி குறையுது. பேரிங் போச்சு, கழட்டுங்க. இன்னும் ரெண்டு நாள் ஓட்டுனா எரிஞ்சிரும்."

சொல்லி முடித்ததும் அவள் கை அப்படியே நின்றது. சுமையை மட்டும் பார்த்து எந்த மோட்டாருக்காவது 'சரி' என்று அவள் முத்திரை குத்தியிருப்பாளா? வாழ்நாளில் இல்லை. ஆனால் ஒரு மனுசருக்கு இரண்டு வருடமாக விசிலடித்திருக்கிறாள்.

மதியமே சைக்கிள் கடைக்குப் போனாள். லோகித் ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"வா அம்மிணி. என்ன இந்த நேரத்துல?"

"அண்ணா, என்கூட ஆஸ்பத்திரி வரைக்கும் வாங்க."

"ஏன், யாருக்கு என்னாச்சு?"

"உங்களுக்குத்தான்." நோட்டை நீட்டினாள். "அஞ்சு வாரத்துல ரெண்டரை நிமிசம் ஏறியிருக்குது. உங்களுக்குள்ள ஏதோ கொறஞ்சுட்டே வருதுங்க அண்ணா."

அவர் பக்கங்களைப் புரட்டினார். சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைக் கையால் நிறுத்தினார்.

"நீ என்னைய நேரம் பாத்தியா?"

"தப்புத்தான். ஆனா..."

"தொண்ணூத்தெட்டு! நாப்பத்தேழு வயசுல! என் ஒடம்புக்குள்ள உக்காந்திருக்கறது சொல்றது பொய்யி, உன் பையில கெடக்கற கடியாரம் சொல்றது நெசமா?"

"அது பொய் சொல்லலீங்க. எவ்ளோ குடுத்தீங்கன்னு சொல்லுது. எவ்ளோ இருந்துச்சுன்னு சொல்லல."

லோகித் நோட்டை மூடி அவள் கையிலேயே வைத்தார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவளை 'நீங்க' என்றார்.

"கன்னியாகுமரிக்கு நீங்க போகோணும், அவ்ளோதானுங்களே? நேராவே கேட்டிருக்கலாம்ங்க. என் ஒடம்பு எனக்குத் தெரியாதா?"

மிருதுளாவுக்குச் சுருக்கென்றது. ஐந்து வாரத்துக்கு முன்னால் அது முழு உண்மை என்பதால்தான் அப்படிக் குத்தியது. அழுகையை அடக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

போட்டிக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. அதுவரை மனிதர் பயிற்சியை விடப் போவதில்லை. கெஞ்சினால் கேட்க மாட்டார், வீட்டில் சொன்னால் சண்டைதான் வரும். குழுத் தலைவன் சர்வேஷின் வீட்டுக்குப் போய், புகார்த் தாளை வாங்கி, நின்றபடியே எழுதினாள்: 'லோகித் தடைக்காலத்தில் ரத்தம் கொடுக்கிறார் என்று சந்தேகிக்கிறேன்.' அதில் ஒரு வார்த்தைகூட நிஜமில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சர்வேஷ் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, நெசமாலுமா? லோகித் அண்ணனா?"

"எழுதிக் குடுத்துட்டேன்ல. விதிப்படி செய்யுங்க."

இரண்டு நாளில் சோதனை முடிந்தது. ரத்தத்தில் ஒரு சொட்டுக் குறைவில்லை. ஆனால் இதயத்தின் வால்வு ஒன்று சுண்ணாம்புபோல் இறுகி, விரல் நுழையும் வழி வைக்கோல் நுழையும் வழியாகியிருந்தது. மானி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்றார் மருத்துவர். இருந்தது பாதியாகிவிட்டது, அந்தப் பாதியில் தொண்ணூற்றெட்டைக் கொடுத்திருக்கிறார். கடலில் இறங்கியிருந்தால் கரையேறியிருக்க மாட்டார். அன்றைக்கே அறுவை சிகிச்சை.

பிழைத்துக்கொண்டார். மிருதுளா பார்க்கப் போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாலு ஆரஞ்சுப் பழத்தோடு நோட்டையும் ஸ்டாப்வாட்சையும் மேசையில் வைத்தாள். "இனிமே யாரையும் நேரம் பாக்க மாட்டேங்க அண்ணா" என்று அவர் முதுகிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

கன்னியாகுமரி இடம் அவளுக்கு வந்தது. கூடவே பேச்சும் வந்தது. 'பொய்ப் புகார் குடுத்து எடம் புடிச்சுட்டா' என்று காதும் காதும் வைத்தாற்போல் குழு பேசிக்கொண்டது. அவள் பக்கத்தில் யாரும் ஓடவில்லை. அவளும் வைராக்கியமாக ஓடினாள். விடியலில் நீச்சல், வேலைக்குப் போகுமுன் சைக்கிள், வந்ததும் ஓட்டம். யாருக்கும் பதில் சொல்லவில்லை. பலகை சொல்லிக்கொண்டிருந்தது: 94, 95, 97.

மூன்றாவது வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் ரேஸ்கோர்ஸ் பெஞ்சில் லோகித் வந்து உட்காரத் தொடங்கினார். குரங்குக் குல்லாய், மேலே ஒரு போர்வை, வலது கை போர்வைக்குள். அவள் ஒவ்வொரு சுற்றும் அவரைக் கடந்தாள். அவர் அவள் மேலிருந்து பார்வையை எடுக்கவில்லை. சாபம் விட வருகிறாரோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

கன்னியாகுமரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கடைசி ஓட்டம். பலகையில் அவள் பெயருக்கு நேராக 98 எரிந்தது. புறம்பேசியவர்களிலேயே சிலர் விசிலடித்தார்கள். இடுப்பில் கை வைத்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளிடம் சர்வேஷ் ஒரு தாளோடு வந்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல புகார் வந்திருக்குது. தடைக்காலத்துல ரத்தம் குடுத்தீங்களாம்."

"யாரு குடுத்தது?"

அவன் தாளை நீட்டினான். கையெழுத்தே சொன்னது.

மிருதுளா விடுவிடுவென்று பெஞ்சுக்குப் போனாள். "பழிக்குப் பழியா? உங்க உசுரக் காப்பாத்துனதுக்கு இதுதான் கூலியா? நான் அங்க போகக் கூடாது, அதுதானுங்களே வேணும் உங்களுக்கு?"

லோகித் வலது கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் அவளுடைய ஸ்டாப்வாட்ச். இடது கையால் நோட்டைத் திறந்து காட்டினார். அவள் எழுத்துக்குக் கீழே அவருடைய கோணல் எழுத்து. அவள் ஓடிய எட்டுச் சுற்று: ஒரு மணி ஐம்பத்தாறு. ஒரு மணி ஐம்பத்தொன்பது. இரண்டு மணி மூன்று. இன்றைக்கு, இரண்டு மணி ஏழு.

"வெயிலு ஜாஸ்தி" என்றாள் அவள். "ராத்திரி சரியாத் தூங்கல. என் ஒடம்பு எனக்குத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையை எங்கே கேட்டோம் என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. லோகித்துக்கு முன்னமே வந்திருக்க வேண்டும், அவர் சிரிக்கவில்லை.

"ஒண்ணுமில்லாமயும் இருக்கலாம் அம்மிணி. ஒண்ணுமில்லீன்னா போயி நீந்து, நானே வந்து கையத் தட்டறேன். ஆனா ஆஸ்பத்திரிக்குச் சும்மா கூப்பிட்டா நீ வருவியா?"

 அப்போதும் அவள் மனதில் ஒரு மூலை, 'இடம் போயிருமே' என்றுதான் அடித்துக்கொண்டது. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு பெயர்களில் முப்பது தொண்ணூறுக்கு மேல் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. இரண்டு வருடத்துக்கு முன்னால் மூன்றே மூன்று. குழு வளர்ந்துவிட்டது என்று போன மாதம்தான் கேக் வெட்டினார்கள்.

சர்வேஷ் பின்னாலேயே வந்து நின்றிருந்தான். கடிகாரத்தைக் கண்டால் பறிமுதல் செய்து, இருவர் அட்டையையும் பிடுங்க வேண்டியவன். நோட்டை அவன் கொஞ்ச நேரம் குனிந்து படித்தான். பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணா, அந்தக் கடியாரத்த எனக்கு ஒரு வாரம் குடுக்கறீங்களா?"

அன்று அவன் முனைப்பு தொண்ணூற்றாறு.