சொம்பில் பதியாத ரேகை

அண்ணன் இரு கைகளாலும் ஏந்திக் குடித்துவிட்டு வைத்த பித்தளைச் சொம்பில் அவனுடைய விரல்ரேகை ஒன்றுகூட இல்லை.

தங்கராசு பென்சில் கரியைப் பொடித்து, தூரிகையால் மறுபடியும் தடவிப் பார்த்தான். அண்ணியின் ரேகை இருந்தது, தன்னுடையதும் இருந்தது. அண்ணன் பிடித்த இடத்தில் மட்டும் வெளிறிய ஒரு பட்டை. சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. ரசாயனம் படிக்கும் அவனுக்கு அந்த ஆண்டு, அறுபத்தாறில், தடயவியலும் ஒரு பாடம். ஞாயிறுதோறும் கடலூருக்கு வந்தால் வீட்டுப் பாத்திரமெல்லாம் கரியாகும்.

“போலீசு வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே என்னத் திருடியாக்கிடாத தம்பி,” என்று அண்ணி இருசம்மாள் சிரித்தாள்.

அவள் மறுபடி சிரிக்கத் தொடங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஐப்பசிப் புயலில் கட்டுமரத்தோடு காணாமற்போன அண்ணன் சிங்காரம், அவளுடைய தாலியைக் கழற்ற ஊர் கூடிய பதினான்காம் நாளில், தேவனாம்பட்டினத்துக் கரையில் தானாக நடந்து வந்திருந்தான். எங்கே இருந்தான் என்று சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டுக்கொண்டேயிருந்தான். ஆடி விடுமுறையில் பயிற்சிக்காக எடுத்து நோட்டில் ஒட்டியிருந்த அண்ணனின் ரேகை தெளிவாகத்தான் இருந்தது. உப்பில் ஊறித் தேய்ந்திருக்கும் என்று தங்கராசு தன்னைத் தேற்றிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை முற்பகல் ஆய்வுக்கூடத்தில் பார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. கிள்ளைப் பக்கம் கடற்கரையில் ஒதுங்கிய, முகமழிந்த ஓர் உடலின் வலக்கைப் பெருவிரல் தோலைப் போலீசார் அனுப்பியிருந்தார்கள். நாட்கணக்கில் நீரில் கிடந்தவரின் தோல் வெளுத்துச் சுருங்கி, உறைபோலக் கழன்றுவிடும். அதை நம் விரல்மேல் மாட்டிக்கொண்டு, மையில் உருட்டிப் பதிக்க வேண்டும் என்று விரிவுரையாளர் சுப்பராயலு விளக்கினார்.

“யாரு மாட்டிக்கிறீங்க?”

“தங்கராசுவக் கூப்புடுங்க சார். மீன் ஆஞ்ச கை, கூசாது,” என்றான் பக்கத்திலிருந்த உத்திராபதி. “மச்சான், மாமனார் மோதிரம் போடறாருன்னு நெனச்சுக்கடா.”

வகுப்பே சிரித்தது. மெல்லிய ரப்பர் உறைக்கு மேல் அந்தத் தோலை இழுத்துவிட்டபோது, அது அளவெடுத்துத் தைத்ததுபோல் அவன் பெருவிரலில் பொருந்தியது. குளிர்ந்தது. மையில் உருட்டிக் காகிதத்தில் பதித்தான். நடுவில் ஒரு சுழி. சுழியைக் குறுக்கே வெட்டி, தூண்டில்முள் கிழித்த தழும்பு.

மேசைக்கடியில் நோட்டைப் பிரித்தான். பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு கோடாகப் பார்த்தான். இங்கே ஒரு கிளை, அங்கேயும். இங்கே ஒரு முடிவு, அங்கேயும். பன்னிரண்டு பொருந்தினால் போதுமென்பது பாடம். அவன் பதினேழுவரை எண்ணினான்.

“என்னப்பா, தெரிஞ்ச ரேகையா?” என்றார் சுப்பராயலு.

ஆமென்றால் அண்ணியின் தாலி இறங்கும். இல்லையென்று மறைத்தால், அந்த வீட்டில் அவள் பக்கத்தில் படுத்திருப்பது...

“இல்லீங்க சார்.”

மதியப் பேருந்தைப் பிடித்தான். வழி நெடுக மழை. நனைந்த சாக்கும் சுருட்டும் டீசலும் கலந்து நாறிய நெரிசலில், வலப் பெருவிரலை வேட்டியில் துடைத்துத் துடைத்துத் தோல் சிவந்துபோயிற்று. மஞ்சக்குப்பத்தில் இறங்கி, கடலிரைச்சலை நோக்கி நடந்து வீடு சேர்ந்தபோது பொழுது மங்கியிருந்தது. விளக்கில்லை. கூரை ஒழுகவில்லை, ஆனால் தரை முழுதும் ஈரம். கழிமுகச் சேற்றின் வாடை. உள்ளறையிலிருந்து ஒரே ஓசை: யாரோ தண்ணீர் குடிக்கும் ஓசை. மடக்கு மடக்காக. நடுவில் மூச்சு வாங்காமல்.

கதவருகே இருட்டில் அண்ணி நின்றிருந்தாள்.

“அண்ணி, வெளிய வாங்க. சட்டுனு.”

“மெதுவாப் பேசு தம்பி.”

“அது அண்ணன் இல்ல. அண்ணனக் கிள்ளையில எடுத்துட்டாங்க. நான் பாத்தேன்... ரேகையப் பாத்தேன்.”

“தெரியும்,” என்றாள் அவள். “வந்த அன்னிக்கே தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“ஊரே கூடி என் கழுத்துல கை வெச்சிது இல்ல? அவுரு வந்துதான நிறுத்துனாரு. வேற யாரு வந்தீங்க?”

 

உள்ளே குடிக்கும் ஓசை நின்றது.

ஈரப் பாதங்கள். ஓர் அடி. இன்னோர் அடி.

அலறுவதற்கு வாயைத் திறந்தான். அண்ணி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். சில்லென்ற கை. ஊறிய கை. அடிகள் நெருங்கின. அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றன.

“கத்தமாட்டான்,” என்று அவள் பின்பக்கம் திரும்பிச் சொன்னாள். “நம்ம தம்பிதான.”

சொல்லிவிட்டுக் கையை எடுத்தாள்.

கை இறங்கியது. வெளுத்துச் சுருங்கிய உள்ளங்கைத் தோல் மட்டும், ஐந்து விரலோடும், அவன் வாயை இன்னும் பொத்திக்கொண்டிருந்தது.