பக்கம் மாறிய படங்கள்

பெர்சி ஹாலோவே இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் இங்கிலாந்தில் பிறந்தார், கடைசிவரை அங்கேயே இருந்தார். சிட்னி பக்கம் வந்ததே இல்லை. அப்படியிருந்தும் சிட்னியின் கிரவீன் பகுதியில் வசிக்கும் பத்து வயது அக்ஷராவுக்கு அவர்மேல் பயங்கரக் கோபம்.

"இந்த ஆள் பொய் சொல்றார்ப்பா," என்றாள்.

அப்போது அவள் வீட்டுக் கூடத்துக் கம்பளத்தில் மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் அவளுடைய அப்பா வாசுதேவனும் கிடந்தார். இருவருக்கும் நடுவில் ஹாலோவே எழுதிய புத்தகம் விரிந்து கிடந்தது.

"அவர் சொல்றது இருக்கட்டும். எனக்கு இடுப்பு வலிக்குது," என்றார் அப்பா.

புத்தகத்தின் பெயர் 'வீட்டிலிருந்தே ஜூடோ'. அப்பா பழைய பொருள்கள் விற்கும் ஆப் ஷாப்புக்கு மேசை விளக்கு வாங்கப் போனவர், விளக்கை மறந்துவிட்டு இதை வாங்கி வந்தார். பழைய புத்தகத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

ஹாலோவே காலத்தில் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஜூடோ சொல்லித்தர ஆள் கிடைப்பது அரிது. அதனால் தெரிந்த சிலர் புத்தகம் எழுதினார்கள். ஆளைத் தூக்கிப் போடும் ஓர் எறியை வரிசையாகப் புகைப்படம் எடுத்து, இப்படி நில், இப்படித் திரும்பு என்று அடியில் விளக்கம் போட்டார்கள். புத்தகம் வாங்கியவர்கள் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, தம்பியையோ பக்கத்து வீட்டுக்காரரையோ தூக்கிப் போட்டுப் பழகினார்கள். ஆசிரியரைக் கண்ணால் பார்க்காமலே அப்படிக் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. கையை உடைத்துக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் புத்தகம் எழுதவில்லை.

ஹாலோவே புத்தகத்தில் தூக்கிப் போடுகிறவர் கோட்டும் டையும் அணிந்திருந்தார். கீழே விழுகிறவரும் டை கட்டியிருந்தார். அக்ஷராவுக்கு முதலில் அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிப்பதற்காகப் புத்தகத்தைத் திறக்கவில்லை. நிரூபாவுக்காகத் திறந்தாள்.

நிரூபாவும் பத்து வயதுக்காரிதான், இலங்கைத் தமிழ்ப் பெண். வேறு பள்ளியில் படிக்கிறாள். இருவரும் பெரும்பாலும் சந்திப்பது வியாழக்கிழமை மாலை நடக்கும் ஜூடோ வகுப்பில்தான். அங்கே இருவரும் ஜோடி. வகுப்பு நடத்துபவர் சென்செய் டோனி. ஜூடோவில் ஆசிரியரை சென்செய் என்றுதான் அழைப்பார்கள்.

வரும் சனிக்கிழமை பெற்றோர் பார்க்க வரும் நாள். ஒவ்வொரு பிள்ளையும் இடுப்பு எறி என்ற ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். எதிரில் நிற்பவரின் இடுப்பைச் சுற்றி ஒரு கையைப் போட்டு, சட்டென்று திரும்பி, முதுகில் ஏற்றி, முன்னால் போடுவது. முடியாதவர்கள் ஆறு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து உருண்டு காட்டலாம்.

நிரூபாவுக்கு அது வரவே இல்லை. ஒவ்வொரு முறையும் பாதித் திருப்பத்தில் கால் பின்னிக்கொண்டது. போன வாரம் வகுப்பு முடிந்ததும் கார் நிறுத்தும் இடத்தில் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"நான் சின்னாக்களோட உருளமாட்டன். இந்த வியாழனோட நிப்பாட்டப் போறன்."

"அப்போ நான் யார்கூட ஜோடி சேர்றது?" என்று கேட்டாள் அக்ஷரா.

"ஆரோடயாவது சேர்."

அக்ஷராவுக்கு வேறு யாரும் வேண்டாம். அவளுடைய மொக்கை ஜோக்குகளுக்கு அந்த வகுப்பில் சிரிப்பது நிரூபா ஒருத்திதான். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு அழுகை முட்டியது.

அதனால்தான் இந்தப் புத்தகம். இடுப்பு எறியை அதில் பார்த்துப் புரிந்துகொண்டு நிரூபாவுக்கு எளிதாகச் சொல்லித்தரலாம் என்று நினைத்தாள். படத்தில் இருப்பதுபோலவே அப்பாவைப் பிடித்தாள், படத்தில் இருப்பதுபோலவே திரும்பினாள். வகுப்பில் நன்றாக வரும் எறி இங்கே வரவில்லை. இருவரும் விழுந்ததுதான் மிச்சம்.

"படத்தை மட்டும் பாக்குறியே, கீழ என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?" என்று கேட்டார் அப்பா, எழுந்திருக்க முயன்றபடி.

அக்ஷரா படித்திருக்கவில்லை. படம் போட்ட புத்தகத்தில் எழுத்தை யார் படிப்பார்கள்? இப்போது படித்தாள்.

"வலது கையை அவர் இடுப்பைச் சுற்றிப் போடு, அப்படின்னு இருக்கு. ஆனா படத்துல இடது கையைப் போடுறார்."

"அப்போ ரெண்டுல ஒண்ணு தப்பு."

எது தப்பு? அவள் படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். டை கட்டிய இருவருக்கும் பின்னால், சுவரில் ஒரு பலகை இருந்தது. அதில் ஏதோ எழுத்து. எந்த மொழி என்றே தெரியவில்லை, ஆனால் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டதுபோல இருந்தது. அக்ஷரா புத்தகத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக் கண்ணாடி முன் ஓடினாள்.

கண்ணாடியில் பலகை ஒழுங்காகத் தெரிந்தது. 'காலணிகளைக் கழற்றவும்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கண்ணாடிக்குள் ஹாலோவேயும் வலது கையைத்தான் இடுப்பைச் சுற்றிப் போட்டிருந்தார்.

"அப்பா, அவர் பொய் சொல்லல. அச்சடிச்சவங்க படத்தை இடம் வலமா, பக்கம் மாத்திப் போட்டுட்டாங்க."

"பாவம் மனுஷன். எத்தனை பேர் அவரைத் திட்டியிருப்பாங்களோ," என்றார் அப்பா.

மற்றப் பாடங்களின் படங்கள் சரியாகவே இருந்தன. இடுப்பு எறியின் படங்கள் மட்டும்தான் பக்கம் மாறியிருந்தன. அவசரத்துக்கு உதவாத புத்தகம் என்று அக்ஷரா சலித்துக்கொண்டாள். ஆனாலும் நிரூபாவைச் சிரிக்க வைக்கலாமே என்று மறுநாள் அதை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

நிரூபாவின் அம்மா சிவனேஸ்வரி குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ பிள்ளை. கதிரையில இருங்கோ. சூடாச் சாப்பிடலாம்."

"தேங்க்ஸ் ஆன்ட்டி."

தட்டு வந்தது. நிரூபாவின் இடது கை முதலில் நீண்டது.

"நிரூபா, வலக்கையால எடு," என்றார் அம்மா, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே. இடது கை பின்வாங்கியது, வலது கை வந்தது. அம்மாவும் மகளும் இதைத் தினமும் செய்கிறவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது.

அக்ஷரா ரோல்ஸைக் கடிக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"நீ எந்தக் கையால எழுதுவ?" என்று கேட்டாள், அம்மா அடுத்த அறைக்குப் போனதும்.

"லெஃப்ட். ஏன்?"

"பந்து எறியறது?"

"அதுவும் லெஃப்ட்தான்."

"இதை ஏன் சென்செய்கிட்ட சொல்லல?"

"எல்லாரும் ரைட் பக்கம்தானே செய்யினம். சாப்பிடுற மாதிரி இதையும் ரைட்டாலதான் செய்யோணும் எண்டு நினைச்சன்."

அக்ஷரா புத்தகத்தை மேசையில் விரித்தாள். ஹாலோவே அங்கே இடது கையைப் போட்டுக்கொண்டு, டை கசங்காமல் நின்றார்.

"என்னைப் பிடி. இந்தப் படத்துல இருக்கிற மாதிரியே செய். எதையும் மாத்தாத."

பின்முற்றத்தில் பழைய மெத்தை ஒன்று கிடந்தது. நிரூபா படத்தைப் பார்த்தாள், பிடித்தாள், திரும்பினாள். கால் பின்னவில்லை. அக்ஷராவின் கால்கள் தரையை விட்டுப் போயின. அடுத்த நொடி அவள் மெத்தையில் கிடந்தாள்.

நிரூபா தன் கைகளையே பார்த்தாள். "நானோ செய்தனான்?"

"நீதான். எனக்கு உதவாத புத்தகம் உனக்குச் சரியா இருக்கு."

நிரூபா சிரித்தாள். பிறகு அவள் முகம் சுருங்கியது. "சனிக்கிழமை அம்மா வருவா. அவ்வளவு பேருக்கு முன்னால இடக்கையால செய்தா ஏசுவா."

சென்செய் ஒத்துக்கொள்வாரா என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று அக்ஷரா வியாழக்கிழமை வகுப்பில் நேரே கேட்டுவிட்டாள்.

"சென்செய், இடது பக்கமா எறியலாமா?"

"எறியலாமே. தொடக்கத்தில் ஒருவரோடு ஒருவர் மோதக்கூடாது என்று எல்லாருக்கும் ஒரே பக்கம் சொல்லித்தருகிறேன். யாருக்கு இடக்கைப் பழக்கம்?"

நிரூபா இடது கையைப் பாதி உயர்த்தினாள்.

"முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். என் தவறு," என்றார் டோனி. "சனிக்கிழமை உனக்கு எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் எறி."

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. சிவனேஸ்வரி முதல் வரிசையில், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அக்ஷராவின் அப்பா பின்வரிசையில் இடுப்பில் வெந்நீர்ப் பையோடு இருந்தார்.

அக்ஷரா தன் எறியை முடித்தாள். பிறகு நிரூபாவின் முறை. இருவரும் குனிந்து வணங்கி நெருங்கினார்கள்.

நிரூபா அம்மாவைப் பார்த்தாள். பார்த்ததும் வலது பக்கமாகப் பிடித்தாள். பழைய பிடி. இப்படியே திரும்பினால் கால் பின்னும், எல்லார் முன்னாலும் விழுவாள், அப்புறம் வரவே மாட்டாள். அக்ஷராவுக்குப் பயமாக இருந்தது.

விழுகிறவளுக்குப் பெரிதாக வேலை ஒன்றும் இல்லை. நின்றால் போதும். ஆனால் அக்ஷரா மெல்லப் பிடியை விடுவித்துக்கொண்டு, காலை மாற்றி வைத்தாள். தன் இடது சட்டைக் கையை நிரூபாவின் வலது கைக்கு எட்டுமாறு நீட்டினாள். இடது பக்க எறிக்கு அதைத்தான் பிடிக்க வேண்டும்.

"இதைப் பிடி," என்றாள் உதடு அசையாமல். "கால் பின்னி ரெண்டு பேரும் விழுந்தா எனக்குத்தான் அடி. உனக்கு வர்ற பக்கமே போடு."

நிரூபா மூச்சை இழுத்தாள். சட்டைக் கையைப் பிடித்தாள். இடது கையை அக்ஷராவின் இடுப்பைச் சுற்றிப் போட்டாள், திரும்பினாள்.

அக்ஷரா உயரே போனாள், பாயில் விழுந்தாள். விழும்போது உள்ளங்கையால் பாயை அறைய வேண்டும். அவள் அறைந்த சத்தம் மண்டபத்தின் மறுமூலைவரை கேட்டது. அப்புறம் எல்லாரும் கை தட்டினார்கள்.

நிரூபா கைதட்டியவர்களைப் பார்க்கவில்லை. முதல் வரிசையை மட்டும் பார்த்தாள்.

சிவனேஸ்வரி எழுந்து நின்றிருந்தார். கைப்பேசி அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து கிடந்தது. அவருக்கு அது தெரியவில்லை. தெரிந்ததும் குனிந்து எடுத்து, திரையைப் பார்த்தார். அதில் எறிக்குப் பதிலாக மண்டபத்தின் கூரைதான் பதிவாகியிருந்தது.

"பிள்ளை," என்று கூப்பிட்டார். "நான் எடுக்காம விட்டிட்டன். இன்னொருக்கா எறி."

நிரூபா தயங்கினாள். "எந்தக் கையாலம்மா?"

"இப்ப எறிஞ்ச கையாலதான்."

அக்ஷரா எழுந்து, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, மறுபடி விழுவதற்காக வந்து நின்றாள்.