மாமனாரைப் பூட்டிய சாவி

இதில் வரும் ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். தலையில் கை வைத்துச் சொல்லத் தயார். யார் தலையில் என்று மட்டும் கேட்கக் கூடாது.

"ஐயையோ... செத்துட்டாரு சார்!"

வீட்டு புரோக்கர் போட்ட அலறலில், வாசல் மரங்களில் இருந்த பறவைகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன.

மாப்பிள்ளையின் கையிலிருந்த சாவி நழுவி விழுந்தது.

ஸ்டோர் ரூமின் சிமென்ட் தரையில் மல்லாந்து கிடந்தார் மாமனார். கண் மூடி... வாய் திறந்து... ஒரு காலில் செருப்பு, மறு காலில் அதுவும் இல்லாமல்!

"மாமா...! மாமா...!"

பதில் இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் பதில் சொல்லாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

புரோக்கர் குனிந்து மணிக்கட்டைப் பிடித்தார். மூக்கருகே விரலை வைத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"போயிட்டாரு."

"டாக்டரைக் கூப்பிடலாம்..."

"டாக்டர் வந்து என்ன சார் பண்ணுவாரு? போலீஸைக் கூப்பிடுவாரு. கிட்ட வராதீங்க! கைரேகை!"

மாப்பிள்ளை வைத்த காலை அப்படியே பின்னால் எடுத்தார்.

நகரத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர் அவர். ஈ வந்து உட்கார்ந்தால்கூட அதுவாகப் போகட்டும் என்று காத்திருக்கும் ஜாதி. ஆனால் இந்தக் கதவைப் பூட்டியது அவர்தான்!

பூட்டச் சொன்னது...?

செத்துக் கிடப்பவர்!

மாமனார் ஓய்வுபெற்ற சிறை வார்டன். உத்தியோகம் முடிந்த பிறகு அவருக்கு மிச்சமிருந்த ஒரே கைதி, வீட்டோடு இருந்த மாப்பிள்ளை.

சாயங்காலமானால் வீட்டில் தலை எண்ணுவார். ரயில் தாமதமாகி மாப்பிள்ளை வந்தால், "இன்னிக்கு எந்தச் சுவர் ஏறினீங்க?" என்பார். குளியலறையில் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் விழுந்தால் கதவைத் தட்டி, "உள்ள இருக்கீங்கதானே?" என்பார்.

மனுஷன் எத்தனை நாள்தான் தாங்குவான்?

நகரத்தைத் தாண்டி, இருபுறமும் மரங்கள் கைகோத்து நிற்கும் தெருக்கள் கொண்ட ஒரு புறநகர். ரயில் பிடித்தால் வேலைக்குப் போகலாம். மாமனாரின் மூட்டுவலிக்கோ எட்டாத தூரம். அங்கே ஒரு வீடு... அது போதும். அதுதான் விடுதலை!

ஆனால் வீடு பார்க்கக் கிளம்பினால் முதலில் செருப்பை மாட்டுவது மாமனார்தான்.

ஊரில் உள்ளவர்கள் வீடு பார்த்தால் காற்று வருகிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். அவர் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். உள்ளே போட்டுப் பூட்டினால் ஆள் வெளியே வர முடியுமா?

ஜன்னல் கம்பியை ஆட்டுவார். சுவரைத் தட்டுவார். கடைசியாக ஓர் அறைக்குள் நுழைந்து தன்னையே பூட்டச் சொல்வார். மகளின் கொண்டை ஊசியால் பூட்டைக் குடைந்து வெளியே வந்து, "வேணாம் மாப்ளே, குழந்தைகூட தப்பிச்சிடும்" என்பார். பார்த்த வீடெல்லாம் இப்படித்தான் பறிபோயின.

இன்றும் அதே கூத்து.

"வெளியிலேருந்து பூட்டுங்க மாப்ளே. நான் குரல் குடுத்தாத்தான் திறக்கணும். அதுக்கு முன்னாடி திறந்தீங்க...!"

"திறக்க மாட்டேன் மாமா."

பூட்டினார். மனைவி தோட்டம் பார்க்கப் போயிருந்தாள். புரோக்கர் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார்.

உள்ளே சுரண்டும் சத்தம்... பிறகு 'தொம்' என்று ஒன்று... பிறகு எதுவுமே இல்லை.

மாப்பிள்ளை திறக்கவில்லை. உத்தரவு வரவில்லையே!

அதோடு... அந்த அமைதி! இலைகள் உரசுவது காதில் விழுந்தது. 'எங்கே போறீங்க' என்று கேட்க ஆளில்லை. ஜன்னல் மேடையில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே விசிலடித்தார்.

போன் முடித்து வந்த புரோக்கர் வற்புறுத்திய பிறகுதான் கதவைத் திறந்தார். அந்த விசில்தான் இப்போது கழுத்தைப் பிடித்தது!

"விசிலடிச்சீங்க சார்," என்றார் புரோக்கர்.

"இ... இல்லையே..."

"முழுப் பாட்டு! உள்ள ஒரு உசிரு ஊசலாடுது, வெளிய மருமகன் கச்சேரி பண்றாரு. கோர்ட்ல கேட்டா நான் என்ன சொல்றது?"

"அவருதாங்க பூட்டச் சொன்னாரு!"

"அதை அவரே வந்து சாட்சி சொல்லுவாரா?"

"கூப்பிட்டாத்தான் திறக்கணும்னாரு. கூப்பிடவே இல்ல!"

"செத்தவன் எப்படி சார் கூப்பிடுவான்?"

மாப்பிள்ளை தப்ப வழி தேடினார். ஜன்னலைப் பார்த்தார். கம்பி! சற்று முன் மாமனார் ஆட்டிப் பார்த்து, 'இதுதான்யா கம்பி' என்று மெச்சிய கம்பி. வாசலைப் பார்த்தார். புரோக்கர்! கதவுக்குப் பதில் அவரையே மாட்டிவிடலாம், அவ்வளவு அகலம்.

"அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்... அப்பாவைப் பூட்டிக் கொன்னுட்டேன்னா...?"

"ஒரு வழி இருக்கு."

"சொல்லுங்க! உங்க காலைப் பிடிச்சுக்கிறேன்!"

"காலெல்லாம் வேணாம். கையெழுத்துப் போதும்."

புரோக்கரின் பையிலிருந்து வீட்டு ஒப்பந்தம் வெளியே வந்தது. பேனாவும் மூடி கழற்றித் தயாராக வந்தது!

"ஊரான் வீட்ல மாமனாரைப் பூட்டி வெச்சு அவரு செத்தா, அது கொலை. சொந்த வீட்ல, ஒட்டடை அடிக்கப் போன பெரியவரு நெஞ்சுவலில போனா, அது சாவு. நடுவுல ஒரு கையெழுத்துதான் சார் வித்தியாசம்."

"பொணத்தை வெச்சுக்கிட்டு வீடு விக்கிறீங்களே... நீங்க மனுஷனா?"

"புரோக்கர் சார்."

தோட்டத்துப் பக்கம் காலடிச் சத்தம்...!

"மேடம் வர்றாங்க. சீக்கிரம்! உள்ள போறீங்களா... உள்ள குடி வர்றீங்களா?"

கையெழுத்துப் போட்டார். முதல் பக்கம்... அடுத்த பக்கம்... கடைசிப் பக்கம்.

இனிமேல் யாரும் தலை எண்ண மாட்டார்கள். நினைத்தபோது சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்ததோ கண்ணீர்! மாப்பிள்ளைக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"மன்னிச்சிடுங்க மாமா... திறந்திருக்கணும்... நான் திறந்திருக்கணும்..."

"தேதி போடலையே மாப்ளே."

புரோக்கர் வாய் அசையவில்லை!

மாப்பிள்ளை மெல்லத் திரும்பினார்...

பிணம் ஒரு கண்ணைத் திறந்து ஒப்பந்தத்தைப் படித்துக்கொண்டிருந்தது!

"மா... மா...!"

"விசில் பரவாயில்ல. சுருதிதான் சேரல," என்றபடி மாமனார் எழுந்து உட்கார்ந்து கழன்ற செருப்பைத் தேடினார்.

ஊருக்கெல்லாம் கண் பார்த்தவர், பிணத்தின் வயிறு ஏறி ஏறி இறங்கியதைப் பார்க்கவில்லை!

"எதுக்கு மாமா இதெல்லாம்?"

புரோக்கர் பல்லைக் காட்டினார். "இது ஒட்டு வீடு சார். சுவர் ஒண்ணு, வீடு ரெண்டு. வித்தா சேர்த்துத்தான் விப்பேன்னு ஓனரம்மா ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. அந்தப் பக்கத்து வீட்டை ஐயா பேசி முடிச்சுட்டாரு. இந்தப் பக்கத்துக்குத்தான் ஒரு ஆள் மாட்டல."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே!"

"கேட்டா சம்மதிப்பீங்களா?" என்றார் மாமனார். "என் பொண்ணைக் கூட்டிக்கிட்டு ரயிலேறிடலாம்னு பாத்தீங்க. உங்களை மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

அப்போது...

ஸ்டோர் ரூமின் பின்சுவரில் இருந்த அலமாரி திறந்தது. அது அலமாரி அல்ல. கதவு! அதன் வழியாக, பக்கத்து வீட்டிலிருந்து வந்தாள் மனைவி.

"அப்பா, முடிஞ்சுதா? தோட்டத்துல காலடிச் சத்தம் குடுத்துட்டு அந்த வீட்டைச் சுத்தி வர்றதுக்குள்ள கால் கழண்டுபோச்சு."

"நீயும் இதுல கூட்டா?" என்றார் மாப்பிள்ளை.

"நான் என்னங்க பண்றது? நீங்க தனி வீடுன்னீங்க. அப்பா கூடவே இருக்கணும்னாரு. ரெண்டு பேர் பேச்சையும் நான் தட்டல."

மாப்பிள்ளை அந்தக் கதவையே வெறித்தார். கடைசியாக ஒரு நம்பிக்கை...

"மாமா... இதுக்குத் தாழ்ப்பாள் உண்டா?"

"இல்லாமலா? நல்ல கனமான இரும்பு."

"அப்பாடா..."

"எங்க பக்கம் இருக்கு."

ஆயுள் கைதிக்காவது நன்னடத்தைச் சலுகை உண்டு. இவர் போட்டதோ வீட்டுக்கான கையெழுத்து!

இத்தனையும் நடந்தது நடந்தபடி. மாப்பிள்ளையைக் கேட்டால் அவரே சொல்வார்... ஆனால் அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.