இப்போது செயலில் உள்ளது

வரவேற்பில் உட்காரும் பெண் கைப்பையை மாட்டிக்கொண்டே லேபுக்குள் வந்து, வேலையாக இருந்தவளின் தோளைத் தொட்டு, “தேங்க்ஸ்டி” என்றாள்.

“எதுக்கு?”

“நேத்து எங்கப்பா பத்தி அனுப்பியிருந்தியே, அதுக்குத்தான். படிச்சிட்டு அரை மணி நேரம் அழுதேன். நேர்ல வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருக்கிற. எழுதறப்ப மட்டும் எப்படிடி இப்படிக் கொட்டுற?”

“ம்” என்றாள் அவள்.

அவள் எதையும் அனுப்பியிருக்கவில்லை.

புரியாத ஒன்றை ‘என்ன?’ என்று திருப்பிக் கேட்பதைவிட ‘ம்’ போட்டுவிடுவது அவளுக்குச் சுலபம். கல்லூரியில் மூன்று வருடம் அப்படித்தான் ஓட்டினாள். இந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான்கு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. அக்கா அவளுக்கு வைத்திருக்கும் பெயரே ஊமை.

மழை வலுக்கும் என்று வரவேற்புப் பெண் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டாள். ஜன்னல் இல்லாத அந்த அறையில் குளிர்சாதனப் பெட்டியின் முனகல், கடைசி வரிசை ரத்த மாதிரிக் குப்பிகளைச் சுழற்றிக்கொண்டிருந்த சென்ட்ரிஃபியூஜின் இரைச்சல், எத்தனை முறை கழுவினாலும் விரலை விட்டுப் போகாத ஸ்பிரிட் வாசனை, எங்கோ மேலே தகரத்தில் விழுந்துகொண்டிருந்த மழை. இவற்றுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து அவள் போனை எடுத்தாள். செய்தி அனுப்பும் கணக்கின் அமைப்புகளுக்குள் போனாள். எந்தெந்தக் கருவிகளில் இந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்று காட்டும் பட்டியல் வந்தது.

இரண்டு வரிகள்.

முதல் வரி அவள் கையிலிருந்த போன். இரண்டாவதும் ஒரு போன்தான். பக்கத்தில் ஊர் பெயர். அக்காவின் ஊர். அதன் கீழே ஒரு பச்சைப் புள்ளி. ‘இப்போது செயலில் உள்ளது.’

அக்கா வீடு பஸ்ஸில் நான்கு மணி நேரம். பழைய போனை அங்கே விட்டிருக்கலாம் என்று தோன்றியது. இல்லை. அதைக் கடையில் கொடுத்துத்தான் புதியதை வாங்கினாள். அதுவும் எல்லாவற்றையும் அழித்த பிறகு.

இரண்டாவது வரியை வெளியேற்றினாள். வரி மறைந்தது. மூச்சு விட்டாள். வரி திரும்பி வந்தது.

சந்தேகமான முடிவை மூன்று முறை சோதிக்க வேண்டும் என்பது லேபின் விதி. கடவுச்சொல்லை மாற்றிவிட்டு மறுபடி வெளியேற்றினாள். வந்தது. இன்னொரு புதிய கடவுச்சொல். அதை அவள் வாய்விட்டுக்கூடச் சொல்லவில்லை. வந்தது. இந்த முறை இன்னும் சீக்கிரமாக.

வரியைத் தொட்டாள். முதல் உள்நுழைவு: ஐந்து மாதங்களுக்கு முன், காலை ஒன்பது நாற்பது.

அந்த நாள் அவளுக்குத் தெரியும். ‘நீ சித்தி ஆகப்போற’ என்று அக்கா எழுதிய காலை. அவள் ஒரு பதில் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள், அழித்தாள். கடைசியில் எதையுமே அனுப்பாமல் வேலைக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அக்கா ஒரு நாளைக்கு முப்பது படம் அனுப்பினாள். குட்டிச் சட்டைகள், தொட்டில்கள். என்ன பதில் போடுவதென்று தெரியாத வெட்கத்தில், அந்த உரையாடலையே கண்ணில் படாத மூலைக்கு ஒதுக்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோமே, போதாதா?

மூலையிலிருந்து அதை எடுத்தாள்.

மேலே போகப் போகத் தீரவில்லை. ஆயிரக்கணக்கில் செய்திகள். பாதி அவள் பக்கத்திலிருந்து. முதல் பதிலில், அன்று அவள் எழுதி அழித்த அதே வார்த்தைகள். ஒரு கமா கூட மாறவில்லை.

சென்ட்ரிஃபியூஜ் நின்றது. அறை திடீரென்று பெரிதானது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. “நீ சொன்ன மாதிரியே டாக்டரை மாத்திட்டேன்” என்று அக்கா சொன்னாள். ம். “நீ சொன்னதும் சரிதான், வேலைக்கு வர்ற அம்மாவ நிறுத்திட்டேன். கடைசி மாசம் நீதான் கூட இருக்கப் போறியே.” ம். “அத்தான் கப்பல்லேர்ந்து லீவு போட்டு வரேன்னார். நீ இருக்கேன்னு வேணாம்னுட்டேன்.” ம். தான் ஏதோ மறந்திருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்தாள். கேட்டால் அக்கா கேலி செய்வாள்.

உரையாடலின் அடிக்குப் போனாள். இன்றைய செய்திகள்.

‘உன் பேரைச் சொன்னாலே உள்ள உதைக்குதுடி. இன்னிக்குக் காலையிலேர்ந்து ஒரே ஆட்டம்.’ இது அக்கா.

‘பஸ்ஸ விட்டு இறங்கிட்டேன்’ என்று அவள் பக்கத்திலிருந்து. நான்கு நிமிடத்துக்கு முன்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது விழுந்தது. ‘தெருமுனைல இருக்கேன்க்கா.’

அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

“ஹலோ?”

“அக்கா, நான்தான். அதெல்லாம் நான் எழுதல. நான் லேப்ல இருக்கேன். யார் வந்தாலும் கதவைத் திறக்காத.”

மறுமுனையில் அக்கா சிரித்தாள்.

“அடேங்கப்பா. அச்சு அசல் அவ குரலேதான்.”

“அக்கா...”

“அவ போன வாரமே சொல்லி வெச்சா. குரலைக்கூட இப்பல்லாம் காப்பி அடிச்சிடறாங்க, என் நம்பர்லேர்ந்தே என்னை மாதிரியே அழுதுகிட்டு ஃபோன் வரும், நம்பிடாதேன்னு. நான்தான் போடி இவளேன்னேன்.”

“சத்தியமா நான்தான்க்கா.”

“எங்க ஊமை இவ்ளோ பேச மாட்டாம்மா. சரி, நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை வெச்சிருக்கோம். அதைச் சொல்லு, ஒத்துக்கிறேன்.”

உரையாடலை மேலே தள்ளினாள். நேற்று. முந்தாநாள். போன வாரம். ‘நமக்குள்ள ஒரு வார்த்தை வெச்சுக்கலாம்க்கா.’ இருந்தது. அதற்குக் கீழே அந்த வார்த்தை இருக்க வேண்டும். கண் அதில் படுவதற்குள் அந்த வரி சாம்பல் நிறமானது.

‘இந்தச் செய்தி அழிக்கப்பட்டது.’

“என்ன, சத்தத்தையே காணோம்?”

‘என்ன வார்த்தை?’ என்று கேட்க அவளுக்கு வரவில்லை. எத்தனை வருடப் பழக்கம்.

போனுக்குள் காலிங் பெல் அடித்தது.

“வந்துட்டா பாரு. இரு, உன்னை அவகிட்டயே பிடிச்சுக் குடுக்கறேன். நல்லா வாங்கிக் கட்டிக்கோ.”

செருப்புச் சத்தம். எட்டு மாத வயிற்றைச் சுமந்து நடக்கும் நடை. மெதுவாக. இரண்டு அடி. நிறுத்தம். இரண்டு அடி.

“அக்கா! திறக்காதக்கா! அக்கா!”

வாழ்நாளில் அவள் இவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை.

“ஐயோ, என்னமா கத்தறா” என்றாள் அக்கா. போனை எதன் மீதோ வைக்கும் சத்தம் கேட்டது.

தாழ்ப்பாள்.

மழை. அங்கேயும் மழை.

“அடிப்பாவி, குடை கொண்டுட்டு வர மாட்டியா? எப்படி நனைஞ்சிருக்க பாரு.” அக்காவின் குரல் சற்றுத் தள்ளிக் கேட்டது. அதில் அத்தனை சந்தோஷம். “எவளோ உன் குரல்லயே பேசறாடி. நீ சொன்னது சொன்னபடியே நடக்குது.”

ஈரக் கால்கள் உள்ளே வரும் சத்தம்.

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் மறுபடி விழுந்தது.

மேசையில் திரை வெளிச்சமானது. அந்தப் பட்டியல்தான். அவள் திறக்கவில்லை. இரண்டாவது வரி மேலே ஏறியிருந்தது. அதன் பக்கத்தில் ‘உங்கள் கருவி’ என்று இருந்தது. கீழே, அவள் ஊர் பெயர். ‘அடையாளம் தெரியாத கருவி.’

அவள் போனின் வரி மறைந்தது. அது திரும்பி வரவில்லை.

அழைப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“கையைக் குடு. இங்க வெச்சுப் பாரு, காலையிலேர்ந்து எப்படி உதைக்குதுன்னு... அம்மா! என்னடி கை இது, ஐஸ் மாதிரி?”

குளிர்சாதனப் பெட்டி முனகியது. அவள் போனருகே குனிந்தாள்.

“இரு. இப்ப உதைக்கும் பாரு.”

மழை.

“ஏன்டி... அசையவே காணோமே?”

போனுக்குள் யாரோ, மிக நிதானமாக, அவள் குரலில் சொன்னார்கள்.

“ம்.”