மூக்கு வழியே ஏறிய விஷம்

வியாழக்கிழமை காலை 9.40. மலைப்பாதையின் நான்காவது வளைவில், நர்ஸின் நாலு சக்கர பைக் இருமி இருமி நின்றது. பின்னால் நீலப் புகை பாதையையே மறைத்தது. தாங்கியில் கட்டியிருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஒரு ஆளால் நடக்க முடியாது. மருந்துப் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள்.

11.25. உச்சி வீட்டுத் தச்சரின் கட்டிலருகே அவள் போய் நின்றபோது, அவர் மூச்சு அடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை மேலதிகாரியிடமிருந்து தாள் வந்தது. ‘வண்டியைக் கீழே இறக்கி வந்தவர் கூறியபடி, இன்ஜினில் எண்ணெய் வறண்டிருந்தது. இது பராமரிப்பில் அலட்சியம். திங்கள் காலை பத்து மணிக்குள் விளக்கம் தரவும்.’

இறக்கி வந்தவர் வேறு யாருமில்லை, அவளுடைய அண்ணன். கல் உடைக்கும் கிரஷரில் ஆபரேட்டர். மூன்று மாதம் முன்பு அதே இன்ஜினின் பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டுக்கொடுத்தவனும் அவன்தான். வண்டிக்கு எண்ணெய் பார்ப்பது மட்டும் அவள் கணவர் வேலை. அவர் தையற்காரர்.

அவள் தாளைத் தையல் மெஷின் மேல் வீசினாள்.

“ஒரு வேலை! எண்ணெய் இருக்கான்னு பாக்குற ஒரே ஒரு வேலை! அது கூட முடியலையா உங்களுக்கு?”

“தினமும் காலைல பாத்தேன். தினமும் குறைஞ்சிருந்துச்சு, தினமும் ஊத்தினேன்.”

“அப்போ எங்கண்ணன் பொய் சொல்றானா?”

கணவர் நூலைக் கடித்து அறுத்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சல் மூட்டியது.

ஞாயிறு காலை 8.10. வீட்டின் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் இன்ஜினைப் பிரிக்க மூவரும் கூடினார்கள். அண்ணன் இரவு ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருந்தான். இமை, மீசை எல்லாம் வெள்ளைக் கல் தூள்.

“பிரிச்சுப் பாக்க என்ன இருக்கு? எண்ணெய் இல்லாம ஓடி உள்ள வெந்துபோச்சு. மாப்பிள்ளை துணி தைக்கிறதோட நிறுத்தியிருக்கலாம்.”

“நீ பேசாம நில்லுண்ணே. நான் பாத்துக்கறேன்.”

பிளக்கைக் கழற்றினாள். எண்ணெயில் ஊறிக் கரிபிடித்திருந்தது. அந்தத் துளையில் அழுத்தமானியைத் திருகிக் கிக்கரை மிதித்தாள். நூற்றைம்பது காட்ட வேண்டிய முள் அறுபதில் நின்றது. துளை வழியாக ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி மிதித்தாள். நூற்றுப் பதினைந்து.

“எண்ணெய் விட்டா ஏறுதுன்னா?” கணவர் கேட்டார்.

“வால்வு சரியா இருக்கு. ரிங்தான் தேஞ்சிருக்கு. அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் எண்ணெய் அடைக்குது.”

9.30. காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஸ்பாஞ்ச் வெளிர் மஞ்சளாக, சுத்தமாக இருந்தது.

“பாத்தியா, அது புத்தம் புதுசு மாதிரி இருக்கு. அங்க ஒரு குத்தமும் இல்ல. மேல போ,” என்றான் அண்ணன்.

அவள் ஸ்பாஞ்சைக் கசக்கிப் பார்த்துவிட்டுப் பெஞ்சில் வைத்தாள். கணவர் அதை எடுத்து விரலால் தடவி, முகர்ந்து பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார்.

11.15. சிலிண்டர் வெளியே வந்தது. உள்சுவர் முழுக்க நெட்டுக்கு நெட்டு கீறல்கள், பூனை பிறாண்டிய மாதிரி. மேல் ரிங்கின் விளிம்பு பிளேடு போலத் தேய்ந்திருந்தது. அதைச் சிலிண்டருக்குள் வைத்து, அதன் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள வாய் இடைவெளியை அளந்தாள். அரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒன்றரை இருந்தது. மூன்று மாத ரிங், பத்து வருஷம் உழைத்த கிழ ரிங் போல.

“சொன்னேன்ல, எண்ணெய்…” என்று ஆரம்பித்தான் அண்ணன்.

அவள் கேட்கவில்லை. மேலே வால்வுகளைத் தள்ளும் கேம் தண்டைத் துணியால் துடைத்தாள். கண்ணாடி போலப் பளபளத்தது. கீழே பிஸ்டனைத் தாங்கும் கம்பியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினாள். பேரிங்கில் துளி ஆட்டமில்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு எழுந்து கார்புரேட்டரைக் கழற்றினாள். வடிகட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவிலிருந்த ரப்பர் குழாயை உருவி, உள்ளே விரலை விட்டுத் துழாவி எடுத்தாள். விரலில் பசை போல ஒட்டியிருந்தது, வெள்ளையாக.

11.50. அண்ணன் முகத்துக்கு நேரே அந்த விரலை நீட்டினாள்.

“அண்ணே, மூணு வாரம் முன்னாடி நான் ட்ரெய்னிங் போன ஒன்பது நாள் வண்டி எங்க இருந்துச்சு?”

“என் வீட்ல. நீதானே பிரேக் பாக்கச் சொல்லி விட்டுட்டுப் போன?”

“வெளிய எடுத்தியா?”

“வாசலைத் தாண்டல.”

“வடிகட்டியைத் தொட்டியா?”

“பிரேக்குக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

“ஏங்க,” கணவர் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. “அப்ப என்ன சொல்ல வந்தீங்க?”

கணவர் ஸ்பாஞ்சை நீட்டினார். “இது நம்மது இல்ல. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா நான் கழுவிச் சிவப்பு எண்ணெயில ஊறவெச்சுத்தான் போடுவேன். அந்தச் சிவப்பு கைல ஒட்டினா தைக்கிற துணி நாசமாயிடும்னு அஞ்சு தடவை சோப்பு போடுவேன். இது காஞ்சு கிடக்கு. ஒரு சொட்டு எண்ணெய் கூடப் படல.”

“அப்போ யாரோ புதுசு மாத்தியிருக்காங்க,” என்றாள் அவள். “இப்ப கேளுண்ணே. எண்ணெய் இல்லாம ஓடியிருந்தா மொதல்ல கேம் தண்டு கீறியிருக்கும், பேரிங் ஆடியிருக்கும். ரெண்டும் ஜம்முனு இருக்கு. சிலிண்டர் மட்டும் செத்துக்கிடக்கு. ரிங் தேஞ்ச வழியாத்தான் இவர் தினமும் ஊத்தின எண்ணெய் மேல ஏறிப் புகைஞ்சு, பிளக்கை அடைச்சிருக்கு. விஷம் வாய் வழியா போகல, மூக்கு வழியா போயிருக்கு. தூசு! நான் போற பாதை பூரா செம்மண். இந்தத் தூசு வெள்ளை.”

“என் சட்டைலேர்ந்து இப்ப விழுந்திருக்கும்…”

“மூடியிருந்த குழாய்க்குள்ள, எண்ணெயோட கலந்து, பிசுக்கா? இப்ப விழுந்ததா?” கையிலிருந்த ஸ்பேனர் பெஞ்சில் மோதிய சத்தத்தில் அண்ணன் ஒரு அடி பின்வாங்கினான். “வடிகட்டி இல்லாம கிரஷர் குவாரிக்குள்ள ஓட்டியிருக்க. சொல்லு!”

அண்ணன் கண்ணைத் தாழ்த்தினான்.

“பசங்க பந்தயம் வெச்சாங்க. வடிகட்டியைக் கழட்டிட்டா வண்டி நல்லா பறக்கும்னு ஒருத்தன் சொன்னான். ரெண்டு சாயங்காலம்தான். கழட்டி வெச்சது எங்கயோ தொலைஞ்சிடுச்சு, புதுசு வாங்கிப் போட்டேன். இவ்வளவு ஆகும்னு நெனக்கலை பாப்பா.”

“திரும்பி வந்த அன்னிக்கே புகையுதுன்னு சொன்னேன். என்ன சொன்ன? ‘புது ரிங் செட் ஆகுற வரைக்கும் அப்படித்தான் புகையும், தைரியமா ஓட்டு’ன்னு. உனக்குத் தெரியும். தெரிஞ்சே மலைக்கு அனுப்பின. அப்புறம் அதிகாரிகிட்ட போய் இவர் தலைல போட்ட. நானும் நம்பித் தொலைச்சேன்!”

“உங்கண்ணன் பாப்பா நான்… என் வேலை போயிடும்.”

“அந்த ஆளுக்கு மூச்சே போயிடுச்சு.”

திங்கள் காலை 9.30க்கு மேலதிகாரி முன்னால் அண்ணனே தன் வாயால் சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டான். அவள் பக்கத்தில் நின்றாள், ஒரு வார்த்தை கூட உதவவில்லை.

சிலிண்டர் லேத் பட்டறைக்குப் போய், ஒரு சுற்றுப் பெரிதாகக் கடைந்து வந்தது. அதற்கேற்ற பிஸ்டன், ரிங். புதன் மதியம் கணவனும் மனைவியும் கொட்டகையில் உட்கார்ந்து பூட்டினார்கள். கார்புரேட்டரையும் குழாயையும் மூன்று முறை மண்ணெண்ணெயில் கழுவினாள். ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராதபடி அவள் திருப்பிவைக்க, கணவர் தன் தையல் விரல்களால் அவற்றை அமுக்கிப் பிடித்து, சிலிண்டருக்குள் நழுவவிட்டார்.

“உங்களைக் கண்டபடி பேசிட்டேன்.”

“பேசின. வலிச்சுது. போல்ட்டைக் கொடு.”

வெளியே வெயிலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். ஒரு ஸ்பேனரைத் தொடக்கூட அவள் விடவில்லை.

மாலை 4.20. மூன்றாவது மிதியில் இன்ஜின் பிடித்தது. கொஞ்ச நேரம், பூட்டும்போது தடவிய எண்ணெய் எரிந்து புகைந்தது. பிறகு தெளிந்தது. கணவர் சைலன்சர் வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்து, கறை இல்லை என்று தலையாட்டினார்.

“ஏறு,” என்றாள் அண்ணனிடம்.

“எங்க?”

“அதிகாரிகிட்ட சொன்னது காகிதத்துக்கு. சொல்ல வேண்டிய ஆள் மேல இருக்காங்க.”

புது இன்ஜினை முறுக்காமல், நிதானமாக ஏற்றினாள். உச்சி வீட்டு வாசலில் தச்சரின் மனைவி பாதி இழைத்த ஒரு நாற்காலியின் மேல் கைவைத்தபடி நின்றிருந்தாள். அண்ணன் சொன்னான். நடுவில் இரண்டு முறை குரல் உடைந்தது. நர்ஸ் எடுத்துக்கொடுக்கவில்லை. அவனே மறுபடி தொடங்கி முடிக்க வேண்டியிருந்தது.

அந்த அம்மாள் அழவில்லை, திட்டவுமில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

“அவருக்குக் காது ரொம்பக் கூர்மை,” என்றாள். “கீழ நாலாவது வளைவுல வண்டி நின்னதைக் கேட்டுட்டார். ‘சத்தம் நின்னுடுச்சே, மறுபடி கேக்குதா பாரு, கேக்குதா பாரு’ன்னு கடைசி வரைக்கும் என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தார். நான், கேக்குது, வந்துக்கிட்டே இருக்குன்னு பொய் சொன்னேன் தம்பி.”

உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டாள்.