வெள்ளைக்கிளி சொன்ன பேர்

"நீ பண்ணுன சத்தியம் என்னாச்சு ஆத்தாயி? அத்தனையும் வேசந்தானா!"

பொழுது விடிவதற்குள் சென்னியப்பரின் குரல் மோகனூர்ப் பெரிய வீட்டை அதிரவைத்தது. ஆத்தாயி தயிர் மத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். முன்கூடமான ஆசாரத்தில் பித்தளை வளையத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக் கொண்டைக்கிளி, மஞ்சள் கொண்டையை விரித்து, கீச்சுக் குரலில் இன்னொரு தரம் சொல்லிற்று: "வசந்தா...!"

மூன்று வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர்!

வசந்தாமணி அவர்களுடைய ஒரே மகள். அவள் புருஷன் கதர் கட்டிக்கொண்டு கள்ளுக்கடை மறியல் செய்து ஆறு மாதம் ஜெயிலுக்குப் போனான். மாமனார் சென்னியப்பருக்கோ வெள்ளைக்காரச் சர்க்கார் தரும் ராவ் சாகிப் பட்டம் இன்று வரும், நாளை வரும் என்றிருந்த சமயம். கலெக்டர் ஆபீஸ் சேவகனைக் கண்டால்கூட எழுந்து நிற்பவர் அவர். "அவ இனி இந்த ஊட்டுப் படி மிதிக்கக் கூடாது. அவ பேரு உன் வாயில வரக் கூடாது" என்று ஆத்தாயியிடம் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கினார்.

பட்டம் வரவில்லை. கிளிதான் வந்தது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை சீமைக்குக் கப்பலேறும்போது, கொண்டுபோக முடியாமல் தள்ளிவிட்ட பறவை. புறாவைவிடக் கொஞ்சம் பெரிசு. 'துரை நம்மமேல வெச்ச மதிப்பு' என்று சென்னியப்பர் ஊரெல்லாம் சொல்லி, கிளிக்கே துரை என்று பேர் வைத்தார். வேலைக்காரர்கள் அதை 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். தினமும் மத்தியானம் ஆத்தாயி களத்துக்குப் போனதும், "துரைக்கு இங்கிலீசு பழக்கறேன்" என்று ஆசாரத்துக் கதவைச் சாத்திக்கொள்வார். துரை கதவு நிலையைக் கொறித்ததோடு சரி, வாய் திறந்ததில்லை.

வந்த புதிதில் அது தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டது. யாரைப் பிரிந்ததோ! ஆத்தாயி நிலக்கடலை உரித்துக் கொடுத்தபடி அதன் எதிரே உட்கார்ந்திருப்பாள். மகள் பேர் தொண்டை வரைக்கும் வரும். விழுங்கிக்கொள்வாள்.

"நான் சொல்லிக் குடுக்கலீங்க..."

"அப்புறம் ஆரு? காவேரி மீனு வந்து சொல்லிக் குடுத்துச்சா? தீனி வெக்கறவ நீதான! பொய்க்காரி!"

பொய்க்காரி...! முப்பது வருஷக் குடித்தனத்தில் கேளாத சொல். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

வெயில் ஏறும்போது பரமத்தியிலிருந்து சின்னண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். சென்னியப்பரின் மகன் குழந்தைவேலுக்குச் சின்னண்ணன் பெண்ணைத்தான் நிச்சயம் செய்திருந்தது.

"ஏனுங்க சம்பந்தி, இணைச்சீருக்கு ஆரை உக்கார வெக்கறீங்க?"

மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் அவன் பக்கத்தில் அமர்ந்து செய்ய வேண்டிய சீர் அது.

சென்னியப்பர் துண்டை உதறித் தோளில் போட்டார். "பங்காளி மவ சாரதாமணி இருக்குதுங்க. கவர்மெண்டுல நமக்கிருக்கற மதிப்புக்கு, ஜெயில் சகவாசமெல்லாம் ஆவுங்களா?"

கதவோரம் நின்ற ஆத்தாயிக்கு உயிர் போய் வந்தது. தம்பி கல்யாணத்தில், அக்காள் மணையில் வேறொருத்தியா...!

அப்போதுதான் துரை பேசினார்.

முதலில், மூக்குப்பொடி போடுகிறவரைப் போல இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினார். "க்கும்" என்று கனைத்தார். பிறகு அந்த ஊருக்கே பழக்கமான கரகரத்த குரலில், மெதுவாக: "வசந்தா... சாப்டியா சாமி? அப்பன் மேல கோவமா சாமி...?"

சென்னியப்பரின் கையிலிருந்த பொடி மட்டை நழுவி விழுந்தது.

மத்தியான இங்கிலீசுப் பாடம் எதுவென்று ஆத்தாயிக்கு விளங்கிவிட்டது.

"துரை நல்லாத் தமிழ் பேசறாருங்களே! இது ஆரு குரலுங்க?" என்றார் சின்னண்ணன், சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு.

ஆத்தாயி ஒரு வார்த்தை சொன்னால் போதும், காலையில் விழுந்த பழி போய்விடும். அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். கொண்டை மடங்கிய கிளியாக உட்கார்ந்திருந்தார்.

"நாந்தானுங்க சொல்லிக் குடுத்தேன்" என்று முன்னால் வந்தாள். "இவிய பேசற மாதிரியே பேசிப் பேசிப் பழக்கிட்டேன். பெத்த மனசு கேக்கலீங்க..."

சம்பந்தி மோர் குடித்துவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் வண்டியேறினார். சென்னியப்பர் அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏன் ஆத்தாயி பொய் சொன்னே?"

"விடியறதுக்குள்ள பொய்க்காரின்னீங்க. உங்க வாக்கு மெய்யாவட்டுமேன்னுதான்..." அவளுக்கு அழுகை பொங்கியது. "பேரைச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுனது நாந்தானுங்க! நீங்க பண்ணலியே! கிளிகிட்டச் சொன்னத அவகிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா...?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வண்டி பூட்டச் சொல்லு. வெத்தல பாக்குத் தட்டம் எடுத்து வை" என்றார்.

"ஆரு ஊட்டுக்குங்க?"

"...வசந்தா ஊட்டுக்கு."

அந்திக்குள் சென்னியப்பர் போன வண்டி திரும்பிற்று. இறங்கிய மகளைப் பார்க்கத் தெருவே கூடியிருந்தது. ஆத்தாயி கை நீட்டினாள், பேர் தொண்டையில் சிக்கிக்கொண்டது. "கூப்புடு ஆத்தாயி. அந்தச் சத்தியம் இன்னியோட போச்சு" என்றார் சென்னியப்பர். அவள் வாய் திறப்பதற்குள் துரை முந்திக்கொண்டார்:

"வசந்தா... சாப்டியா சாமி?"

தாயின் தோளில் விழுந்து விம்மிய வசந்தாமணி நிமிர்ந்தாள். "ஏம்மா... ஆரு இதுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"நாந்தாஞ் சாமி" என்று ஆத்தாயி ஆரம்பித்தாள்.

"இல்ல" என்றார் சென்னியப்பர், தெருவுக்கே கேட்கும்படி. "உங்கம்மா பொய் சொல்றா. நாந்தான்."