வெளிச்சம் படாத குப்பி

கையொப்பம் கலையவில்லை, ஆனால் குப்பிக்குள் கரைசல் இறுகியிருந்தது.

குப்பியைச் சுற்றிய அலுமினியத் தாளில் கிழிசல் இல்லை. மூடிமேல் நேற்று அவள் ஒட்டிக் கையொப்பமிட்ட நாடா அப்படியே இருந்தது. உள்ளே தண்ணீராய் ஓட வேண்டிய கரைசல், கவிழ்த்தாலும் அசையாத கூழாகிக் கிடந்தது. ஒளி பட்டால்தான் அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். அதற்காகத்தான் ஜன்னலில்லாத இந்த அறை, பட்டப்பகலிலும் இந்தச் சிவப்பு விளக்கு. மூன்று நாளில் இப்படிக் கெட்டுப்போன மூன்றாவது குப்பி. நாளை பேராசிரியர் கண்முன்னே கரைசலை வெள்ளை விளக்கடியில் வைத்து இறுகச் செய்து காட்டாவிட்டால் ஆய்வு சீனியரின் கைக்குப் போய்விடும். "எம்பொண்ணு தண்ணியக் கல்லாக்குறா"ன்னு மூட்டை தூக்கும் இடமெல்லாம் சொல்லித் திரிகிற அப்பாவுக்கு என்ன பதில்?

"நாடாவைப் பிரிச்சு ஒட்டினது நீங்கதானே?" மூடிய கதவைப் பார்த்துக் கத்தினாள்.

"ஆமாம்மா, எனக்கு வேற பொழப்பே இல்ல," வெளியே சீனியர் சிரித்தான். "அலமாரிச் சாவி உங்கிட்ட, பழி மட்டும் எம்மேலயா?"

சாவி அவள் கழுத்தில்தான் தொங்கியது. எரிச்சலில் கையுறையைப் பல்லால் கடித்து உருவினாள். நாக்கில் கரைசலின் கசப்பு. செய்யக்கூடாத வேலை; மூன்று நாளாகச் செய்கிற வேலை.

தாளை உரித்துக் குப்பியைச் சிவப்பு விளக்கருகே தூக்கினாள். கூழுக்குள் குமிழி என்று நினைத்தது குமிழி இல்லை. பள்ளங்கள். வரிசையாக. மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. சுண்டுவிரலும் நுழையாத குப்பியின் கழுத்துக்குக் கீழே, யாரோ கடித்த தடம்.

இடப்பக்கம் ஒரு பல்லின் தடம் மட்டும் துருத்தியிருந்தது.

தன் தெற்றுப்பல்லை நாக்கால் தடவிப் பார்க்கப் போனாள். நாக்கு எழும்பவில்லை. எச்சில் கெட்டிப்பட்டிருந்தது. விழுங்கினாள். இறங்கவில்லை.

"என்ன சத்தத்தையே காணோம்? கோவமா?" கதவருகே சீனியரின் குரல், முதல்முறையாகக் கரிசனமாக. "கரைசல் நான் கலக்கித் தரேன். கதவத் தொறக்கட்டுமா?"

வேண்டாம். வெளிச்சம் வேண்டாம்.

வாய் திறந்தது. குரல் வரவில்லை.

"பதில் சொல்லலேன்னா தொறந்துருவேன்."

கதவுக் கைப்பிடி அசைந்தது. பகல் ஒரு கோடாகத் தரையில் விழுந்து அவள்மேல் ஏறியது. காலணி. முழங்கால். கழுத்துச் சாவி. திறந்த வாய்.

கையிலிருந்த குப்பிக்குள், அந்தப் பற்கள் மெல்ல அகலத் திறந்தன.